தவக்காலக் காய்ச்சல்

மாரண்டஹள்ளி
2.5.2025

ஆக்சிலியாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னால் மானம் கெட்டு வந்தவன் நான்.

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று உன் ஆஸ்பத்திரி வராண்டாவில் மாதா மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். அதனால்தான் நீ போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் ஆணையிடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போச்சு, மாற்றினால்தான் நடக்கலாம் என்றார்கள். சரி என்றேன். மார்ச் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது மயக்க மருந்து டாக்டர் கோகிலவாணி அம்மா என்னிடம் குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது தவக்காலம், தபசு நாள். விபூதிப் புதனிலிருந்து ஒரு சொட்டு என் நாக்கில் படவில்லை. நான் சொன்னது பொய்யா? நீயே சொல்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி போட்டது அவர்கள்தான். நான் போடவில்லை. பாஸ்காவுக்குக் கறி எடுத்தோம், பக்கத்துக் காட்டு மாது வந்தான், குடித்தோம். வருஷா வருஷம் நடக்கிறதுதானே. திங்கள், செவ்வாயும் குடித்தேன். வியாழன் காலை வெறும் வயிற்றோடு வந்து பச்சை கவுன் மாட்டிப் படுத்துவிட்டேன். நீ போய் டாக்டர் காதில் ஓதினாய். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து, "இன்னிக்கு ஆபரேஷன் இல்லீங்க, வூட்டுக்குப் போலாம்ங்க" என்கிறான். கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது?

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் தபசு நாள் முழுக்கக் குடிக்காதவன் நான் ஒருத்தன்தான். குடிகாரனால் அது முடியுமா? திரும்பி வந்த கோபத்தில் நேற்று வரை தினமும் குடித்தேன், இன்றோடு விட்டாச்சு. ஒரே வெட்டு. அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கி எழுது.

உன் அண்ணனாக இருந்த
சவுரியப்பன்


தருமபுரி
5.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருந்த அண்ணன் இல்லை, இருக்கிற அண்ணன்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. படித்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சோறு இறங்கவில்லை என்றார். இதை எழுதிப் போட்டோ எடுத்து அண்ணியின் போனுக்கு அனுப்புகிறேன். ராஜமேரி அண்ணி உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். தபாலுக்குக் காத்திருக்கிற சங்கதி இல்லை இது.

அண்ணா, ஒரே வெட்டாக விடாதீர்கள். குடிக்க வேண்டாம் என்று சொல்வதுதான் இரண்டு வருடமாக என் வேலை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டு, குறைத்து, நிறுத்தி, அதற்குப் பிறகுதான் மேஜைக்கு அனுப்புகிறோம். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்து, மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

நம் வீட்டில் தவக்காலக் காய்ச்சல் என்று ஒன்று சொல்வோமே. விபூதிப் புதன் முடிந்து ஒரு வாரம் உங்களுக்கு நடுக்கமும் வேர்வையும் வரும். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டு, பிள்ளை ஆண்டவரோடு சேர்ந்து பாடுபடுகிறான் என்று பெருமைப்படுவார். அது காய்ச்சல் இல்லை அண்ணா. சாராயம் கிடைக்காத உடம்பு கேட்கிற கேள்வி அது. நாலு வருடம் முன்னால் அந்தக் காய்ச்சலில் கிடந்தபோது மாட்டுக் கொட்டகை வாசலில் புனித செபஸ்தியார் நின்றார் என்றீர்கள். ஊரே உங்கள் கையைத் தொட்டு முத்தமிட்டது. நான் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்கிறவர்களை நான் வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பலர் கோவில் பக்கமே போகாதவர்கள்.

இனிகோ ஓசூரிலிருந்து காரோடு கிளம்பிவிட்டான். உங்கள் மகன் முன்னால் அடம் பிடிக்காமல் வண்டியில் ஏறுங்கள். என்னோடு பேச வேண்டாம். வந்து படுத்தால் போதும்.

ஆக்சிலியா


தருமபுரி, ஆண்கள் வார்டு
10.5.2025

ஆக்சிலியாவுக்கு,

நீ மூன்று வேளையும் வந்து பார்க்கிறாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆணை ஆணைதான். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டு எடுக்க வருகிற அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். என்ன சிரிப்போ.

கையெழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை ராஜமேரி படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கை ஒத்துழைக்கவில்லை. அன்று காலையிலிருந்தே தக்காளிப் பெட்டியிலிருந்து எறும்பு ஏறி என் கை முழுக்க ஊர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். ராஜமேரி பக்கத்தில் வந்து, "எறும்பே இல்லீங்க, எதைத் தட்டறீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். அந்தப் பயத்தில்தான் வண்டியில் ஏறினேன். நீ சொன்னதற்காக இல்லை.

இது தபசு நாள் இல்லை. பாஸ்கா முடிந்து மாதாவின் வணக்க மாதமான மே நடக்கிறது. இருந்தும் அதே நடுக்கம், அதே வேர்வை. படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். அப்படியானால் இத்தனை வருஷமும் நான் பட்டது பாடு இல்லையா? அம்மா கஞ்சி வைத்தது எதற்கு? இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

செபஸ்தியாரை நான் பார்த்தது பார்த்ததுதான். அதில் கை வைக்காதே.

டாக்டர் அம்மா நல்ல மனுஷி. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சவுரியப்பன்


தருமபுரி
22.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது என்று அண்ணி சொன்னார். நல்லது. அந்த மிடுக்கு இனி வேலைக்கு ஆகும்.

ஜூலை பத்தாம் தேதி ஆபரேஷன். அதுவரை ஒரு சொட்டும் கூடாது. ஏன் என்று கேட்பீர்கள், கேட்காமல் விட்டால் அது நீங்கள் இல்லை. குடித்த உடம்பில் ரத்தம் லேசில் நிற்காது. தையல் போட்ட இடம் ஆறாது, சீழ் வைக்கும். வைத்த செயற்கை மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரலாம். மயக்க மருந்தும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. அன்றைக்கு உங்களை நான் மேஜையில் ஏறவிட்டிருந்தால், உங்களோடு பேச வழியில்லாமல் போயிருக்கும். அதற்கு நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பது மேல்.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் காதில்தான் சொன்னேன். வராண்டா முழுக்கக் கேட்கக் கத்தியது நீங்கள். "அவ எந்தங்கச்சியே இல்ல" என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னால் சொன்னீர்கள். அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. ஆனாலும் அடுத்த முறை அப்படியே நடந்தாலும் அப்படியேதான் சொல்வேன்.

உங்களுக்கு ஆபத்தான நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். தக்காளி மண்டியில் லோடு இறக்கிவிட்டு, மாது அண்ணனோடு திரும்புகிற நேரம். அதனால் மண்டிக்கு அண்ணியும் வரட்டும். வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். கடை இருக்கிற தெருவை விட்டு ரயில்வே கேட் வழியாக வாருங்கள், சுற்றுதான், பரவாயில்லை. குடிக்க வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் அந்த ஆசை பாதி போய்விடும்.

ஆக்சிலியா


மாரண்டஹள்ளி
17.6.2025

ஆக்சிலியாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெருமையாகவே எழுதுகிறேன். யாருக்கும் அடங்கி எழுதவில்லை.

ரயில்வே கேட் வழியாகச் சுற்றி வா என்று நீ சொன்னாய். நான் ஏன் சுற்ற வேண்டும்? கடைத் தெரு வழியாகத்தான் வருகிறேன். மாது உள்ளே போவான். நான் எதிர்த்த பக்கம் கைத்தடியை ஊன்றி நின்று ராஜமேரியோடு கடலை வாங்கித் தின்பேன். முதல் வாரம் எனக்கு நாக்கு மரத்துப்போனது, அதை ஒத்துக்கொள்கிறேன். தொண்டைக்குள் யாரோ கை விட்டு இழுப்பது போல இருந்தது. இப்போது கடலை ருசிக்கிறது. காபி ருசிக்கிறது. ராஜமேரி வைக்கிற ராகிக் களியில் உப்பு குறைவு என்று கண்டுபிடித்துச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தா தெரிந்தது என்று கேட்டாள்.

அவளை மண்டிக்குக் கூட்டிப்போகச் சொன்னது உன் யோசனை. இப்போது ஏலக்காரன் என்னைப் பார்ப்பதே இல்லை. "அக்கா வரட்டும்ங்க" என்கிறான். எனக்கு அங்கே கூடை மேல் உட்கார்ந்திருக்கிற வேலைதான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். தபசு நாளில் நான் நாளை எண்ணுவேன். இன்னும் இத்தனை ஞாயிறு, இன்னும் இத்தனை வெள்ளி என்று. எண்ணிக்கொண்டே பாஸ்காவைப் பார்த்து நடந்தேன், முடிந்ததும் விழுந்தேன். அந்தக் கணக்குதான் என்னை ஏமாற்றியது. இந்த முறை நான் எண்ணவில்லை. ராஜமேரி எண்ணினாலும் வாயை மூடு என்கிறேன்.

வலி அப்படியேதான் இருக்கிறது. பஸ்ஸில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்க முடியாது என்று தெரியும். பின்னாலேயாவது நடக்க வேண்டும். அப்பா தூக்கிய சப்பரத்துக்குப் பின்னால் நான் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தால் ஊர் என்ன சொல்லும்? ஜூலை பத்தை நம்பித்தான் இருக்கிறேன்.

சவுரியப்பன்


மாரண்டஹள்ளி
8.7.2025

ஆக்சிலியாவுக்கு,

நீ பயிற்சிக்குச் சேலம் போயிருக்கிறாய் என்று தெரியும். திரும்பி வந்ததும் உன் காதுக்கு வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாது மகள் கல்யாணம். ராஜமேரி அவள் அம்மாவைப் பார்க்கப் பொம்மிடி போயிருந்தாள். பந்தி முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மகளை அனுப்பிவிட்டு மாது அழுதான். நான் குடித்தேன். பாதிதான் குடித்தேன் என்று எழுதலாமா என்று பேனாவை நிறுத்திப் பார்த்தேன். இல்லை, ஒரு குவாட்டர் முழுதும்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். யாருக்கும் தெரியாது. ராஜமேரி அடுத்த நாள் மாலைதான் வருவாள். மாது சொல்லமாட்டான். ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள். வாய் நாறாது. நீயும் ஊரில் இல்லை. இந்த முறை என்னைக் காட்டிக்கொடுக்க ஆளே கிடையாது.

அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. ஆள் இருந்தால்தான் சவுரியப்பன் உண்மை பேசுவானா?

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பாலக்கோட்டில் மாறி உன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரையும் கூட்டிப்போகவில்லை. படியில் ஏறும்போது இடுப்பு கழன்று விழுந்தது போல இருந்தது. கண்டக்டர் திட்டினார். கோகிலவாணி டாக்டர் அறையில் உட்கார்ந்து, "நேத்து குடிச்சிட்டேன்ங்க. யாரும் சொல்லலீங்க, நானேதாங்க வந்து சொல்றேன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு, எப்போது என்று கேட்டார். சொன்னேன். தேதியை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுகிறேன், வருத்தமா என்று கேட்டார். வருத்தம்தான், ஆனாலும் தள்ளுங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வலியோடு நின்றேன். ஆனால் நிமிர்ந்து நின்றேன். ராஜமேரியிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு சோறு போட்டாள்.

திட்டுவதானால் எழுதித் திட்டு.

சவுரியப்பன்


தருமபுரி
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டமாட்டேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று கோகிலவாணி டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். பத்தாம் தேதி என்ன ஆனதோ என்று பயந்துகொண்டே போனேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "இத்தனை வருஷத்துல தானா வந்து சொன்ன முதல் ஆளு உங்க அண்ணன்தாங்க" என்றார். டியூட்டியில் அழக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அங்கேயே நின்று அழுதேன்.

அண்ணா, உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. கல்யாணம், சாவு, மகனோடு சண்டை, ஏதாவது ஒன்று வரும். விழுந்ததை மறைக்கிறவர்களுக்குத்தான் மேஜையில் ஆபத்து. நீங்கள் விழுந்தீர்கள். அடுத்த நாளே வந்து எங்களிடம் சொன்னீர்கள். உங்கள் தவக்காலங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் எனக்கு அந்த ஒரு திங்கட்கிழமைதான் பெரிது. நான் இதை மனதாரச் சொல்கிறேன். எனக்கு உங்களை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

வயதான காலத்தில் தனியாகப் பஸ் ஏறி வந்ததற்கு மட்டும் திட்டு உண்டு. இனிகோவுக்குப் போன் செய்திருக்கலாம். அது ஒன்று மட்டும் பாக்கி இருக்கட்டும்.

மாது அண்ணனைக் கோபிக்காதீர்கள். முடிந்தால் அவரையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள்.

ஆக்சிலியா


மாரண்டஹள்ளி
20.8.2025

ஆக்சிலியாவுக்கு,

வயதான காலம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது. உனக்கு நாலு குறைவு. யாருக்கு வயதான காலம்?

மாதுவைக் கேட்டேன். "எனக்கு என்ன ஆபரேஷனா" என்றான். அப்புறம் இரண்டு நாள் கழித்து, அந்த ஆஸ்பத்திரியில் கை நடுக்கத்துக்கு மருந்து கொடுப்பார்களா என்று தானாகக் கேட்டான். கொடுப்பார்கள் என்று மட்டும் சொல்லி விட்டுப்பிடிக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. அதை டாக்டர் அம்மாவிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ராஜமேரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் கையெழுத்து தேவையில்லை என்றேன், கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை கடைசிப் பரிசோதனை என்று செய்தி வந்தது. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். குடியைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். அன்றைக்கு நான் வராண்டாவில்தான் கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. அதே வராண்டாவில், அதே மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, நீ என் முன்னால் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். டாக்டர் வேண்டாம், நீ. நான் பதில் சொல்வேன்.

ஆணை என்ன ஆகும் என்று நீ கேட்பாய். சாமியாரிடம் கேட்டேன். கோபத்தில் போட்ட ஆணையை மாதா கணக்கில் வைப்பதில்லை என்றார். அது எனக்கு மே மாதமே தெரிந்திருந்தால் இத்தனை தபால் தலை மிச்சமாகியிருக்கும்.

உன் அண்ணன்
சவுரியப்பன்


தருமபுரி
15.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆபரேஷன் முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போனதிலிருந்து தினமும் போனில் பேசுகிறோம். வாக்கரை விட்டுவிட்டுத் தடியோடு களத்து மேடு வரை போய் வந்ததை நேற்றுப் பெருமையாகச் சொன்னீர்கள். பிசியோதெரபி பெண் சொன்னதை விட ஒரு அடி கூட நடக்காதீர்கள். ஜனவரிக்குச் சப்பரத்துக்குப் பின்னால் நிச்சயம் நடப்பீர்கள், அவசரம் வேண்டாம். தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்றைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி வராண்டாவில் நான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். இத்தனை பேரிடம் கேட்கிற கேள்விதான், வாயில் வரவில்லை. நீங்கள்தான், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி, "கேளு ஆயி" என்றீர்கள். நாலு மாதத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. குடிப்பீங்களாண்ணா என்று கேட்டேன். நீங்கள் தடியை ஊன்றி எழுந்து நின்று, "குடிப்பேன்ங்க. தெனமும் குடிச்சவன். போன தடவ இல்லைன்னேன். மாது மக கல்யாணத்துல கடைசியாக் குடிச்சேன். அதுக்கப்புறம் இல்லீங்க" என்றீர்கள். என்னைப் போய் ங்க போட்டுப் பேசினீர்கள்.

நீங்கள் பரிசோதனைக்கு உள்ளே போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. வரிசையில் வத்தல்மலைக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் ஆண்டி. குடல் இறக்கத்துக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அன்றைக்கு ஒரு வாரம் முன்னால்தான் குடிப்பீர்களா என்று நான் அவரைக் கேட்டிருந்தேன், தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, "நானும் அன்னிக்கு இல்லைன்னேன்ங்க. அது பொய்ங்க" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவரை அன்றே வார்டில் சேர்த்தோம். ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து நின்று சொன்னாரே, அந்த ஆள் யாருங்க என்று மட்டும் கேட்டார்.

எங்கண்ணன்ங்க என்று சொன்னேன்.

உங்கள் தங்கை
ஆக்சிலியா